அம்மா, அம்மா புதுசு, அம்மா பைனல்

தம்பி,

நீயும் மருமகளும் விருந்துக்குப் போயிருக்கிறீர்கள். சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று சுற்றி முடித்து வெள்ளிக்கிழமைதான் வந்து சேருவீர்கள். அதற்குள் இதை எழுதி உன் மேசையில் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே எழுந்து போய்விடுவாய். எழுதி வைத்தால் பாதியில் எழுந்து போனாலும் திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். நீ வந்து படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா மாதிரி நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறந்துபோகிற ஆள் இல்லை நீ.

விஷயம் இதுதான். உன் கல்யாணத்துக்கு மறுநாள் மொட்டை மாடியில் நின்று நீ செல்போனில் பேசியது என் காதில் விழுந்தது. துணி எடுக்கத்தான் வந்தேன், ஒட்டுக்கேட்க வரவில்லை. ஆனால் நின்று கேட்டேன். சென்னை எடிட்டிங் ஸ்டூடியோக்காரரிடம், "தீபாவளி விளம்பரமெல்லாம் முடியட்டும் சார், வந்துர்றேன். எங்க அம்மாவால தனியாச் சமாளிக்க முடியாது" என்றாய். அவர் ஏதோ சொன்னார். பிறகு, "வேற ஆளப் போட்டுக்கிறதுன்னா போட்டுக்கங்க சார்" என்று சொல்லி போனை வைத்தாய். எத்தனை நாள் ஆசைப்பட்ட வேலை அது. மருமகளுக்கும் வேலை சென்னையில்தான். லீவு முடிந்ததும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏற வேண்டும், நீ இங்கே என் குரலுக்குக் காவல் இருக்க வேண்டும். இது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று முழுவதும் மனசு ஆறவில்லை. கோபமாகவும் இருந்தது, உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. விருந்தாட்கள் நிறைந்த வீட்டில் இரண்டில் எதைச் செய்வது?

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லிக்கொண்டு போனால்தான் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்பது உனக்குப் புரியும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் உன் அப்பா ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் நம்முடைய குழாய் ஸ்பீக்கர்தான். ஒருநாள் ஒரு பாத்திரக் கடைக்காரர் ஆட்டோவில் போட விளம்பரம் பதிவு செய்ய வந்தார். பேச வேண்டிய ஆள் வரவில்லை. டைப் அடித்த தாளை நான்தான் கையில் வைத்திருந்தேன், பிழையில்லாமல் வாசித்துக் காட்டினேன். "அக்காவே பேசட்டுமே" என்றார் அவர். அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனையூரில் இந்த வீட்டைக் கட்டியபோது மாடி அறையின் சுவர் முழுக்கப் பழைய கம்பளியை அடித்து அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டோம். கோடையில் அதற்குள் உட்கார்ந்தால் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி வேகும்.

அப்போதெல்லாம் கேசட்தான். மிக்சரில் வரிசையாகத் திருகுகள். என் குரலுக்கு எந்தத் திருகு எம்மட்டும் இருக்க வேண்டும் என்று ஒருமுறை சரியாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுவேன். அப்பா பேசினால் அதற்குக் கறுப்புப் பொட்டு. யார் வந்து திருகை மாற்றிவிட்டுப் போனாலும் பொட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "மிக்சருக்குப் பொட்டு வச்சுப் பூ வைக்காம விட்டியேம்மா" என்று கேலி செய்வாய். ஆயுத பூஜைக்கு உன் அப்பா எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார். மிக்சரையும் துடைப்பார், பொட்டுப் பக்கம் மட்டும் துணி போகாது. கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் பிழைத்தது.

பிறகு நீ காலேஜ் சேர்ந்தாய், கம்ப்யூட்டர் வந்தது. பாகம் பாகமாக வாங்கி வந்து நீயே பூட்டினாய். எடிட்டிங் சாப்ட்வேர் போட்டாய். அதற்குள் பிளக்-இன் என்று குட்டிக் குட்டியாகப் பல சாமான்கள். ஒன்று குரலின் கனத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒன்று கத்தினாலும் முணுமுணுத்தாலும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். ஒன்று 'ச' சொல்லும்போது வருகிற சீறலை அமுக்கும். இவை அத்தனையையும் என் குரலுக்கு ஏற்ற மாதிரி வைத்து, "அம்மா" என்று பேர் கொடுத்துச் சேமித்தாய். கண்ணாடிக் கடையில் பவர் எழுதித் தருகிற மாதிரி இது என்று நான் புரிந்துகொண்டேன். என் பவரைப் போட்டு இன்னொருத்தர் பார்த்தால் தலை சுற்றும். பவர் எழுதிய சீட்டைத் தொலைத்தால் மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். இதில் ஒரு வித்தியாசம், சீட்டு எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியவில்லை.

கம்ப்யூட்டர் வந்த மறுவருஷத்து ஆயுத பூஜை உனக்கு மறந்திருக்காது. வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். நான் மைக் ஸ்டாண்டு, அப்பா குழாய், ஆம்ப்ளிபயர். நீ மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். "நீ ஒண்ணுஞ் செய்யலையா?" என்று கேட்டேன். "நானுந்தாம்மா சுத்தம் பண்ணுறேன். பார்மட் போட்டுப் புதுசா விண்டோஸ் ஏத்துறேன், பூசைக்குப் புத்தம் புதுசா இருக்கும்" என்றாய். "பதிஞ்சு வச்சதெல்லாம்?" என்றேன். "அதெல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு, சி டிரைவ மட்டுந்தான் அழிக்கிறேன்." எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திரைக்குச் சந்தனம் வைத்து, கீபோர்டில் பூ வைத்துக் கும்பிட்டோம். கும்பிட்டு முடித்ததும், "ஒருவாட்டித் திறந்து பாத்துக்கிறேம்மா" என்று கையை நீட்டினாய். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது, நாளைக்கு விடியட்டும் என்று நான்தான் தடுத்தேன். நம் வீட்டு வழக்கம் அது, இன்றைக்கும் தடுப்பேன்.

மறுநாள் விஜயதசமி. மேலூர் ஜவுளிக்கடை முதலாளி தீபாவளி விளம்பரம் பேச நேரிலேயே வந்துவிட்டார். அவருடைய ஆட்டோ கீழே நிற்கிறது, பதிந்து கையோடு கொண்டுபோய் அன்றைக்கே மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட விட வேண்டும். நான் பேசினேன். நீ "அம்மா"வைத் தேடினாய். இல்லை. பிளக்-இன்களைத் திரும்ப ஏற்றியிருந்தாய், அவை எல்லாம் பிறந்த மேனிக்கு வெறுமையாக நின்றன. பதிவு செய்த குரல் டி டிரைவில் இருந்தது. குரலுக்குச் செய்த வைத்தியம் சி டிரைவில் இருந்திருக்கிறது, பூசைக்குச் சுத்தமாகிப் போய்விட்டது. உன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஏதோ கைக்கு வந்ததை வைத்துப் போட்டுக் காட்டினாய். முதலாளி ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "இது யாரு? அக்கா மாதிரி இருக்கு, ஆனா அக்கா இல்லையே" என்றார்.

நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், நான் பேசியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், அப்படியும் நான் இல்லை என்கிறார். "அக்கா, சங்கடப்படாதீக. கடை வாசல்ல போறவக உங்க குரலக் கேட்டதும், 'அந்தக்கா பேசுது, புதுத்துணி வந்துருச்சு'ன்னு திரும்பிப் பாப்பாக. இதக் கேட்டா யாரும் பாக்க மாட்டாக. எதிர்த்த கடையில வேற ஆட்டோ விடுறான். எனக்கு அந்தப் பழைய குரல்தான் வேணும்" என்றார். நீ புத்திசாலித்தனமாகப் போன வருஷம் பதிந்த விளம்பரத்தையே டி டிரைவிலிருந்து எடுத்துப் போட்டாய். அசல் "அம்மா"வை வைத்துச் செய்தது அது. அதைக் கேட்டும் அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதுவும் இல்லயே தம்பி. மெல்லிசா இருக்கு."

அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. இறங்கிப் போய் ஆட்டோக்காரரிடம் போன வருஷத்து கேசட் இருக்கிறதா என்று கேட்டாய். சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். "மாப்ள, அதப் போடு" என்றார் முதலாளி. "இந்தா போடுறேண்ணே" என்று அவர் போட்டதும் ஆட்டோவின் குழாயிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. எனக்கே யாரோ மாதிரி இருந்தது. ஆட்டோ டேப்பின் மோட்டார் களைத்துப்போய் மெதுவாகச் சுற்றியதால் குரல் கொஞ்சம் இறங்கி, இழுத்து, குழாயின் இரும்பு ஏறிக் கணீரென்று வந்தது. முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதான்! இதான் எங்க அக்கா!" அவர் என்னைக் கேட்டது ஸ்டூடியோவில் அல்ல, மேலூர் தெருவில்தான் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. இந்த வருஷம் ஆட்டோவில் டேப்புக்குப் பக்கத்தில் புதுசாக சி.டி. பிளேயர் வைத்திருந்தார்கள், அதில் போட்டால் இந்த இழுவை வராது. ஆட்டோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே படியேறி இறங்கி, மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல், சுருதியை ஒரு இம்மி இறக்கி, நடுவில் கனத்தை ஏற்றி, அந்தக் குரலை நீ உண்டாக்கினாய். அதற்கு "அம்மா புதுசு" என்று பேர் வைத்தாய். இத்தனை வருஷமாக மேலூரும் கொட்டாம்பட்டியும் என்னுடைய குரல் என்று நினைத்துக்கொண்டிருப்பது களைத்துப்போன ஒரு டேப் செட்டின் குரல். எனக்கு அதில் வருத்தம் இல்லை, நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அதற்குப் பிறகாவது ஒழுங்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ சேமித்தாய், சேமிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கண்ட இடத்தில், கண்ட பேரில். "அம்மா பைனல்", "அம்மா பைனல் 2", "அம்மா ஒரிஜினல் பைனல்", "asdf", "asdfg". எதற்கு எது என்று கேட்டால் "எனக்குத் தெரியும்லம்மா" என்பாய். இதே வார்த்தையை முப்பது வருஷமாக இந்தக் குடும்பத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அப்பாவுக்கு அம்மை போட்டிருந்தபோது ஒரு கல்யாணத்துக்கு ரேடியோ செட் போக வேண்டியிருந்தது. எந்த வயர் எந்தப் பெட்டிக்கு என்று அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வேப்பிலைக்கு நடுவே படுத்துக்கொண்டு, "அந்தப் பச்ச வயரு, அது இல்ல, இன்னொரு பச்ச" என்று கத்துகிறார், நான் வாசலில் நின்று பச்சை வயரைத் தேடுகிறேன். தாலி கட்டி முடித்த பிறகுதான் அங்கே பாட்டு கேட்டது. மருமகளிடம் நீ இப்படி இருக்காதே. எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியட்டும், கேட்காமலே சொல்லி வை. எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருப்பவன் கெட்டிக்காரன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைக்கிறீர்கள். அவனால் ஒருநாள்கூட நகர முடியாது, அவ்வளவுதான்.

அதனால் நீ விருந்துக்குக் கிளம்பிய அன்றைக்கே மாடியில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் கம்ப்யூட்டர் வேலை எனக்கும் பிடிபட்டிருந்தது. சமையலை உன் அப்பா பார்த்துக்கொண்டார், அதாவது ஓட்டலில் வாங்கி வந்தார். நீ சேமித்த ஒவ்வொரு செட்டிங்கையும் திறந்து, செட்டிங் எதுவும் போடாத என் பச்சைக் குரலை அதில் ஓட விட்டுக் கேட்டேன். கேட்டால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஒன்று சளி பிடித்திருந்தபோது வைத்தது. ஒன்று காலையில் எழுந்ததும் பேசினால் போடுவது. பல் பிடுங்கிய வாரத்துக்கு ஒன்று, அந்தச் சீறலை அமுக்க நீ பட்ட பாடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதற்கு என்று பேர் வைத்தேன். சளி, காலை, பல், மேலூர் ஆட்டோ, கொட்டாம்பட்டி உரக்கடை. என்ன செய்தோம் என்று பேர் வைப்பதைவிட எதற்காகச் செய்தோம் என்று வைத்தால் பத்து வருஷம் கழித்தும் புரியும். ஒன்றுக்கொன்று அச்சாக ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒன்றாக்கிவிட்டேன். நீ வந்து "ஐயோ என் பைனல் 2" என்று அலறாதே.

"asdf" மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூக்கடைப்பை அவ்வளவு வெட்டியிருந்தாய், நடுக்கத்தை அமுக்கியிருந்தாய். சளிக்கு இவ்வளவு தேவையில்லை. கடைசியில் அதைச் சேமித்த தேதியைப் பார்த்தேன். உன் பெரிய மாமா, என் அண்ணன், இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது. கொட்டாம்பட்டியில் கல்யாண மண்டபத் திறப்பு விழா, வாருங்கள் வாருங்கள் என்று சிரித்த குரலில் நான் பேச வேண்டியிருந்தது. "அழுத மாதிரி இருக்காடா?" என்று கேட்டேன். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றாய். நானும் நம்பிவிட்டேன். நீ அன்றைக்கு எவ்வளவு துடைத்திருக்கிறாய் என்பது இந்த வாரம்தான் தெரிந்தது. அதற்கு "அண்ணன்" என்று பேர் வைத்திருக்கிறேன். அதை வைத்து இனி எந்த விளம்பரமும் போட மாட்டேன், ஆனால் அழிக்கவும் மாட்டேன்.

பேர் வைத்த பிறகு எடுத்து வைக்கும் வேலை. இதில் நீ வழக்கமாக விடுவதை நான் விடவில்லை. ஒவ்வொரு பிளக்-இன்னும் தன் செட்டிங்கை ஒவ்வொரு இடத்தில் ஒளித்து வைக்கிறது. சில விண்டோஸின் வயிற்றுக்குள்ளேயே போட்டுக்கொள்கின்றன, அவற்றை வெளியே எடுக்க பிளக்-இன்னையே திறந்து ஏற்றுமதி செய்ய வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே போல்டரில் சேர்த்தேன். செட்டிங் மட்டும் இருந்து பிளக்-இன் இல்லாவிட்டால் பயன் இல்லை, புதுப் பதிப்பு பழைய செட்டிங்கைத் திறக்காமல் முரண்டு பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது ஓடுகிற அதே பதிப்பை ஏற்றுகிற பைல்களையும் கூடவே வைத்தேன். அதுவும் ஒருநாள் ஏறாமல் போகலாம் என்று ஒவ்வொரு ஜன்னலையும் படம் பிடித்து, எந்தத் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். செட்டிங் போடாத பச்சைக் குரல் ஒன்றும், போட்ட குரல் ஒன்றும் பக்கத்தில். எல்லாம் சேர்ந்து ஒரு பென் டிரைவ், இரண்டு சி.டி. ஆம்ப்ளிபயர் மேல் நீ வைத்துச் சூட்டில் வளைந்துபோன பழைய சி.டி.யைக் குப்பையில் போட்டுவிட்டேன். புது சி.டி. ஒன்று பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே இருக்கிறது. இன்னொன்று உன் சென்னைப் பெட்டியில், வேட்டிக்கு அடியில். அதை நீ திறக்க வேண்டாம், இங்கே வீடு தீப்பிடித்தால் மட்டும் அனுப்பி வை.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எடுத்து வைத்தது திரும்ப வருமா என்று யாருக்குத் தெரியும்? அதனால் நேற்றுக் காலையில் குளித்துவிட்டு வந்து, சி டிரைவை நானே பார்மட் செய்தேன்.

உன் அப்பா காபி டம்ளரோடு வந்து திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "என்னத்தப் பண்ணித் தொலைக்கிற? பய வந்தாப் பாத்துக்கிருவான்ல!" "பய வர மாட்டான்னு வச்சுக்கங்க" என்றேன். "வராம எங்க போறான்?" என்று கேட்டார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். விண்டோஸ் ஏற்றினேன், சாப்ட்வேர் ஏற்றினேன், பிளக்-இன்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது, ஒருமுறை தப்பான போல்டரில் போட்டு மறுபடி எடுத்தேன். "மேலூர் ஆட்டோ" வரிசையில் வந்து நின்றபோது உன் அப்பா தான் குடிக்காமல் ஆறவிட்ட காபியை என்னிடம் நீட்டினார்.

அப்புறம் மைக் முன்னால் உட்கார்ந்தேன். மேலூர் முதலாளி கடைக்கு மாடி எடுத்துப் பட்டுப் பிரிவு திறக்கிறார், அதற்கான விளம்பரம். நானே பேசி, நானே வெட்டி ஒட்டி, நானே செட்டிங் போட்டு, சி.டி. எழுதி ஆட்டோவில் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அவர் போன் செய்தார். உன் காதைவிடப் பொல்லாத காது அவருக்கு. "அக்கா, கேட்டேன். பிரமாதம். ரெண்டாவது ஆட்டோவுக்கும் ஒரு சி.டி. போட்டு வச்சுருங்க, ஆள் அனுப்புறேன்" என்றார். வேறு என்ன கேட்பார் என்று காத்திருந்தேன். "வச்சுர்றேங்க்கா" என்று வைத்துவிட்டார்.

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தம்பி. யார் செய்தது என்று கேட்கவில்லை, நீ ஊரில் இருக்கிறாயா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. நீ இல்லாதது அவருக்குத் தெரியவே இல்லை. இந்த வாரம் முழுக்க நான் பாடுபட்டது அதற்காகத்தான். போனை வைத்துவிட்டு மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். சென்னைக்காரருக்கு நீ போன் பண்ணு, வேலையில் சேர வருகிறேன் என்று சொல்.

அம்மா